பிரிக்காத மூன்றாவது பில்டர்

அன்று நிலத்தில் இருந்தவர்கள் பார்வதி அக்கா, ட்ரெக்டர் ஓட்டும் மஞ்சுளா, அவர்களோடு பங்கு போட்ட மற்ற மூன்று அக்காமார், பிறகு நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் ட்ரெக்டர் பழுதுபார்க்கும் எங்கள் யார்டின் சீனியர் மெக்கானிக். தங்கச்சி மகளின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. மற்றவர் மாத்தயா. நிலத்துக்குப் பொறுப்பான சிங்கள அதிகாரி, ஐயா என்கிற இடத்தில் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். பின்னேரம் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று காலையிலிருந்து எங்களைப் போட்டு விரட்டியவர், இன்னும் வந்து சேராத அந்த மாத்தயாதான்.

கட்டுகஸ்தோட்டை யார்டில் வேலை பழக வந்த நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. அதற்குள், "அண்ணே, போறதுக்கு முந்தி ஏதாச்சும் சொல்லிட்டுப் போங்க" என்று கேட்டுவிட்டீர்கள். இப்படியெல்லாம் பேசுவதற்குத் தலை நரைத்திருக்க வேண்டும். எனக்கு இருபத்தெட்டு வயதுதான். ஆனால் வரும் திங்கட்கிழமை முதல் திகனயில் திறக்கிற புதுக் கிளையில் உட்காரப் போகிறேன். சேற்றில் முழங்காலை ஊன்றிப் டீசல் வடிகட்டும் பில்டரைக் கழற்றும் வேலையிலிருந்து எனக்கு ஓய்வு. அந்த அளவில் நானும் ஒரு பென்ஷன்காரன்தான், சொல்லலாம்.

பில்டர் மாற்றுவது எப்படி என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அதை நீங்கள் ஒரே நாளில் பழகிவிடுவீர்கள். மாற்றாமல் நிற்பது எப்படி என்று எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை தெரிந்தது. அதைச் சொல்கிறேன். இப்போது நினைத்தாலும் எனக்குக் கை துறுதுறுக்கிறது!

வத்தேகமைக்கு மேலே ஒரு தோட்டத்தில், காடாகிப்போன தேயிலை மலையொன்று இருக்கிறது. அதன் உச்சி மேசை போலத் தட்டையானது. அந்தத் தட்டை நிலத்தைத்தான் பார்வதி அக்காவும் மற்ற நால்வரும் குத்தகைக்குக் கேட்டிருந்தார்கள். ஐந்து பேரும் அதே மலையில் கொழுந்து பறித்தவர்கள். சீட்டுப் பிடித்து, நகையை வைத்து, பழைய சின்ன டீசல் ட்ரெக்டர் ஒன்றை வாங்கியிருந்தார்கள். கறிமிளகாயும் போஞ்சியும் போட வேண்டும், கட்டுகஸ்தோட்டைக் கடைகளுக்குத் தாங்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று கணக்கு.

அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. முன்னே அந்த நிலத்தை எடுத்தவர்கள் எல்லாரும் ஒரு மூலையைக் கொத்திவிட்டு, மிச்சத்தைக் காடாக விட்டுவிட்டுப் போனவர்கள். அதனால் மாத்தயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து பார்ப்பேன், முழு நிலமும் உழுதிருந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் கண்டியிலிருந்து ஒருவர் உல்லாசப் பயணிகளுக்குக் குடில் கட்டக் கேட்கிறார், அவருக்குக் கொடுத்துவிடுவேன்.

நிலம் காய்ந்து இறங்கக்கூடிய பதத்துக்கு வந்தது வியாழக்கிழமைதான். அது ஐப்பசி மழைக்காலம். மஞ்சுளா ட்ரெக்டரை இறக்கினாள். அரை மணி நேரம் ஓடியது, இருமியது, நின்றது. ஆறவிட்டுத் திரும்ப எடுத்தால் கொஞ்சம் ஓடும், பிறகு நிற்கும். அன்று பொழுது இப்படியே போய், வெள்ளிக்கிழமை காலை யார்டுக்குப் போன் வந்தது. சீனியர் இல்லை. முதலாளி என்னைப் பார்த்தார்.

"நீ போறியா?"

போறியாவா! யார்டு மோட்டார் சைக்கிளில் ஒரு பில்டரையும் ஸ்பேனர் சாவிப் பையையும் கட்டிக்கொண்டு நான் பாலத்தைத் தாண்டும்போது அவர் கேள்வியை முடித்தாரோ என்னவோ.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான்தான். அம்மாவுக்குக் கையெழுத்து, அப்பாவுக்குக் கைநாட்டு. ஆகையால் அச்சில் வந்த எதன் மீதும் எனக்கு ஒரு பக்தி உண்டு. டிப்ளோமாப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கிறது, நீங்களும் படித்திருப்பீர்கள்: ‘இயந்திரம் சற்று நேரம் ஓடி நின்றுவிட்டால்’. அதற்குக் கீழே காரணங்கள். முதல் வரி, பில்டர் அடைப்பு. மலையேறிக்கொண்டே அந்தப் பக்கத்தை வாய்விட்டு ஒப்புவித்தேன். கடைசி வரி வரை ஒப்புவித்தேன். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் போய் இறங்கியதும் மஞ்சுளா மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, யார்டுல பெரியவங்க யாருமே இல்லியாம். டியூஷன் மாஸ்டர அனுப்பியிருக்காங்க."

"சும்மா இரு புள்ள," என்றார் பார்வதி அக்கா. "தம்பி, நாலு மணிக்குள்ள முடிஞ்சிருமா?"

"பத்து மணிக்குள்ள முடிஞ்சிரும்," என்றேன். அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் சொன்னேன்.

பில்டர் கிண்ணத்தைக் கழற்றியதும் எனக்குள் ஒரே குதூகலம். கறுப்புச் சளி! பில்டரின் கடுதாசி மடிப்பெல்லாம் தார் பூசியதுபோல் இருந்தது. விரலால் வழித்து எல்லாருக்கும் காட்டினேன்.

"இது எந்தக் காலத்து டீசல் அக்கா?"

பார்வதி அக்கா மற்றவர்களைப் பார்த்தார். மற்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

"கியூவுல நின்ன காலத்துல வாங்குனது தம்பி," என்றார் மெதுவாக. "ரெண்டு கேன். எங்க வீட்டுக்காரரு ரெண்டு ராத்திரி ரோட்டுல படுத்து வாங்கிட்டு வந்தாரு. கட்டிலுக்குக் கீழ பத்திரமா வச்சிருந்தேன். அத எப்புடி ஊத்தி வீசுறது, சொல்லுங்க?"

யாரால் வீச முடியும்? நாட்டில் எண்ணெயே இல்லாமல் போன அந்த நாட்களில் டீசல் வரிசையில் நின்ற எந்த வீட்டிலும் இன்றைக்கும் கட்டிலுக்குக் கீழே பாருங்கள், ஒரு கேன் இருக்கும். பயம் போன பிறகும் கேன் போகாது. அதற்குள் தண்ணீர் வேர்க்கும், அடியில் பாசி பிடிக்கும். களத்துக்குப் போனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான், கேளுங்கள். ஆனால் திட்டாமல் கேளுங்கள்.

டேங்கைத் திறந்து பழையதை முழுவதும் இறக்கினேன். கழுவினேன். அக்கா முதல் நாள் வத்தேகமையில் வாங்கி வைத்திருந்த புது டீசலை ஊற்றினேன். புதுப் பில்டர் போட்டேன், டீசல் குழாயில் அடைந்த காற்றை வெளியே எடுத்தேன். சாவியைத் திருப்பினதும் ஒரே பிடியில் பிடித்தது பாருங்கள்! அக்காமார் கை தட்டினார்கள். ஒருவர் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். மஞ்சுளா ஏறி உட்கார்ந்து, "மாஸ்டர் பாஸ்!" என்று கத்திவிட்டு உழுதுகொண்டு போனாள். செம்மண் பின்னால் புரண்டுகொண்டே போனது. அந்த மண்ணைப் பார்த்தபடி நான் ரொட்டியைச் சாப்பிட்டேன். அதைவிட ருசியான ரொட்டி நான் தின்றதில்லை.

அரை மணி நேரம். இருமல். நின்றது.

மிச்ச ரொட்டியைக் கீழே வைத்தேன்.

ஆனால் பதறவில்லை. என்னிடம் காரணம் இருந்தது! டேங்கின் ஓரங்களில் ஒட்டியிருந்த சளி கரைந்து வந்து புதுப் பில்டரையும் அடைத்திருக்கும். எவ்வளவு அழகான காரணம், பாருங்கள். நீங்களும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள். கழற்றின பில்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாக்கில் எறிந்துவிட்டு, திகனயில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் பாறூக் நானாவுக்குப் போன் போட்டேன்.

"நானா, காலைல யார்டுலருந்து கொண்டுவந்த பில்டரும் அடைச்சிருச்சு, இன்னும் ரெண்டு வேணும். ஆட்டோவுல ஏத்தி விடுங்க. அவசரம்."

"ரெண்டென்ன, பத்தும் ஈக்கி," என்றார். "காலைல ஒண்டு கொண்டு போனீங்க தானே? செல்லுங்க தம்பி, அந்த ட்ரெக்டர் ஓடுறது டீசல்லயா, பில்டர்லயா?"

"டேங்குல ஊத்தை நானா."

"சரி சரி, அனுப்புறன். பெட்டிய உடைக்காட்டித் திருப்பி எடுப்பன். உடைச்சா ஒங்கட."

ஆட்டோ வருவதற்குள் நான் பட்ட பாடு! மலைக்கு மேலே மேகம் கூடிக்கொண்டிருந்தது. நிலத்தில் கால்வாசிதான் புரண்டிருந்தது. அக்காமார் மம்பட்டியை எடுத்துக்கொண்டு ஓரங்களைக் கொத்தத் தொடங்கிவிட்டார்கள். திட்டினால்கூடத் தாங்கிவிடலாம்.

பில்டர் வந்தது. மாற்றினேன். எப்போதும் செய்வதுபோல டேங்க் மூடியைத் திறந்து அளவு பார்த்து, காற்றெடுக்கும்போது டீசல் இலேசாக இறங்கட்டும் என்று மூடியைத் திறந்தபடியே வைத்து, வேலை முடிந்ததும் இறுக்கி மூடினேன். மூடியின் நடுவில் சந்தனம் வட்டமாக அப்பியிருந்தது, அதன் நடுவே குங்குமம். போன கிழமை ஆயுத பூசைக்கு மஞ்சுளா வைத்த பொட்டு. மழையில் கரைந்துவிடக் கூடாது என்று அதன் மேல் கண்ணாடி டேப் வேறு ஒட்டியிருந்தாள். ஒவ்வொரு முறை மூடியைக் கழற்றும்போதும் நான் அந்தப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எங்கள் ஆட்களுக்கு அது தன்னால் வரும்.

இயந்திரம் பிடித்தது. கை தட்டல் இல்லை. உழுதது. அரை மணி நேரம், கொஞ்சம் கூடக் குறைய. நின்றது.

இப்போது உண்மையாகவே வியர்த்தது. சீனியருக்குப் போன் போட்டேன். மேளச் சத்தத்தில் அது அடித்துக்கொண்டே இருந்திருக்கும். முதலாளிக்குப் போட்டேன்.

"ரெண்டு பில்டர் மாத்தியும் நிக்குதா? அப்ப டீசல் பம்ப்தான்," என்றார். "கழட்டி எடுத்துட்டு வா. கண்டிக்கு அனுப்புவோம். மூணு நாள் ஆகும்."

போனை வைத்தேன். பார்வதி அக்கா பக்கத்தில் நின்றிருந்தார். போனில் வந்தது அவருக்கும் கேட்டிருந்தது.

"மூணு நாளா?"

"ஓமக்கா. பம்ப்னு சொல்றாரு."

"அவரு சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க? நிச்சயமா பம்ப்தானா?"

இதைக் கேளுங்கள், இதுதான் இடம். இரண்டு வழி இருந்தது, இரண்டும் எனக்குப் பாதுகாப்பு. பம்பைக் கழற்றினால் முதலாளி சொன்னபடி செய்தவன் ஆவேன். நாளைக்கு யாரும் என்னைக் கேட்க முடியாது. கையிலிருந்த மூன்றாவது பெட்டியைப் பிரித்தால் இன்னும் ஒரு அரை மணி நேரம் ட்ரெக்டர் ஓடும், அந்த நேரத்துக்கு நான் வேலை செய்கிறவன்போல் இருப்பேன். இரண்டிலும் எனக்கு ஒன்றும் ஆகாது. நிலம்தான் போகும்.

பெட்டியின் ஓரத்தில் நகத்தை வைத்தேன். "மாத்திப் பார்க்கிறேன் அக்கா," என்றேன். பழக்க தோஷத்தில் இன்னொரு கை டேங்க் மூடியைத் திருகியது.

ஸ்ஸ்ஸ்ஸ்.

"பாருங்கக்கா," என்றாள் மஞ்சுளா. ஸ்டீயரிங்கில் நாடியை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "மாஸ்டர் மூடியத் தொறக்கிறப்பல்லாம் இதுவும் பெருமூச்சு விடுது. ட்ரெக்டருக்கே வெறுத்துப் போச்சு."

அக்காமார் களைப்பிலும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வாயெடுத்தேன். எடுத்த வாய் அப்படியே நின்றது.

"என்னா சொன்ன?"

"ஐயோ, சும்மா சொன்னேன் மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க."

"இல்ல இல்ல, ஒவ்வொரு தடவையும் விட்டுச்சா? பெருமூச்சு?"

"ஆமா. காலைலருந்து விடுது. நேத்து நான் தொறந்தப்பவும் விட்டுச்சு. நீங்க கேக்கலியா?"

கேட்டிருந்தேன்! என் காது கேட்டிருந்தது. நான்தான் கேட்கவில்லை. டேங்க் காற்றை உள்ளே இழுக்கிற சத்தம் அது. டீசல் இறங்க இறங்க அதன் இடத்துக்குக் காற்று வர வேண்டும். வர வழியில்லாவிட்டால் டேங்க் தன் டீசலைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இயந்திரம் தவித்து நிற்கும். மூடியைத் திறந்தால் காற்று உள்ளே பாயும், எல்லாம் சரியாகிவிடும். மூடியைத் திருப்பி இறுக்கினால் இன்னோர் அரை மணி நேரத்துக்குத்தான் ஆயுள்.

டிப்ளோமாப் பக்கத்தின் கடைசி வரி என்ன தெரியுமா? ‘டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைப்பு.’ காலையில் மலையேறும்போது அதை நான் வாய்விட்டுச் சொல்லியிருந்தேன்! படித்தது பொய்யில்லை தம்பிமாரே. வரிசைதான் ஆளை ஏமாற்றியது.

நான் பாய்ந்துபோய் சாக்கைக் கொட்டினேன். காலையில் கழற்றின புதுப் பில்டர் உருண்டு வந்தது. மடிப்பை விரித்தேன். வெள்ளை! டீசல் நிறம் ஏறியிருந்தது, அவ்வளவுதான். ஒரு துளிச் சளி இல்லை. பழைய பில்டர் உண்மையாகவே அடைத்திருந்தது. அதனால்தான் புதியதும் அடைத்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட்டேன். இது என்ன பிசாசு என்று கேட்டால், ஒரே ட்ரெக்டருக்கு ஒரே நாளில் இரண்டு நோய். ஒன்று காலையிலேயே குணமாகிவிட்டது. மற்றதை நானே ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து குணப்படுத்தி, பெருமையைப் பில்டருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"மஞ்சுளா, பில்டர்ல கை வைக்கல. பார்த்துக்க. இப்ப ஸ்டார்ட் பண்ணு."

"மாத்தாமலா?"

"மாத்தாமத்தான்!"

சாவியைத் திருப்பினாள். பிடித்தது! நான் அந்த மூன்றாவது பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சேற்றில் ஆடினேன். உண்மையாகவே ஆடினேன். பார்வதி அக்காவுக்கு இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்காமல் என்னோடு பேச முடியாது.

மூடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். துளை இருக்க வேண்டிய இடம் சரியாக நடு உச்சி. நடு உச்சியில் சந்தனம், காய்ந்து கல்லாகி, மேலே டேப். வேலைக்கு இறக்காமல் நின்ற ஒரு கிழமையில் நன்றாக இறுகியிருந்தது.

"இத எடுக்கணும்," என்றேன்.

மஞ்சுளா இயந்திரத்தை அணைத்தாள். முகம் மாறிவிட்டது.

"சாமிக்கு வச்ச பொட்டு மாஸ்டர். வாங்கின வண்டிக்கு மொத மொதல்ல வச்சது. இன்னைக்கு நிலம் கெடைக்கிற நாளு. இன்னைக்குப் போய் அழிக்கிறதா?"

மற்ற மூன்று அக்காமாருக்கும் அதே எண்ணம்தான், முகத்தில் தெரிந்தது. எனக்கும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்? காலையிலிருந்து அதைத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டவன் நான்.

"மூடியத் தொறந்தாப்புல ஓட்டுனா?" என்றார் ஓர் அக்கா.

அண்ணாந்து பார்த்தேன். என் மூக்கில் முதல் துளி விழுந்தது. "மழை அக்கா. டேங்குல தண்ணி விழுந்தா பம்ப் உண்மையாவே போயிரும்."

பார்வதி அக்கா மூடியை என் கையிலிருந்து வாங்கினார். கண்ணில் ஒற்றினார். பிறகு மஞ்சுளாவிடம் நீட்டினார்.

"ஏன் புள்ள இதுல போயி வச்ச?"

"அதுதானே அக்கா நெத்தி மாதிரி உச்சியில இருந்துச்சு."

"அது நெத்தி இல்லியாம் புள்ள, மூக்காம். மூக்குல யாராச்சும் பொட்டு வப்பாங்களா? சாமிக்கு ஒன்னும் ஆகாது, ட்ரெக்டருக்குத்தான் மூச்சு முட்டும். எடு, நெத்தியில வைப்போம்."

மஞ்சுளா மூடியை வாங்கினாள். பிறகு சிரித்துவிட்டாள். டேப்பைத் தானே உரித்தாள். சந்தனக் கட்டியை நகத்தால் பெயர்த்து, எச்சில் தொடாமல், மழைத் துளியிலேயே நனைத்து, ட்ரெக்டரின் முன் தகட்டில் இரண்டு விளக்குகளுக்கும் நடுவே அப்பினாள். நான் துளையைக் குத்த ஊசி தேடினேன். பார்வதி அக்கா தன் சேலைப் பின்னைக் கழற்றித் தந்தார். குத்தி, வாயை வைத்து ஊதினேன். உஸ்ஸென்று மறுபக்கம் காற்று வந்தது. அந்தக் காற்று என் உள்ளங்கையில் பட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, நம்புங்கள்.

மூடியை இறுக்கியதும் மஞ்சுளா ஸ்டார்ட் பண்ணிக் கியரைத் தட்டிப் போனாள். மழை மெதுவாகப் பிடித்தது. நாங்கள் ஐந்து பேரும் மம்பட்டியோடு ஓரங்களைக் கொத்தினோம். ஆனால் ஒருவர் கண்ணும் மண்ணில் இல்லை. எல்லாக் காதும் இயந்திரத்தில். வழக்கமாக நிற்கிற அந்த அரை மணி நேரம் நெருங்க நெருங்க நான் ஒவ்வொரு கொத்துக்கும் போனில் மணி பார்த்தேன். கேள்வி ஒன்றுதான்: இப்போதாவது சரியாகச் சொன்னேனா, அல்லது இதுவும் இன்னொரு அழகான காரணமா?

மஞ்சுளா திரும்பும் இடத்தில் ஒரு தரம் வேகத்தைக் குறைத்தாள். எல்லா மம்பட்டியும் அந்தரத்தில் நின்றது. அவள் திரும்பிப் பார்த்து நாக்கை நீட்டிவிட்டு, திரும்ப வேகத்தைக் கூட்டினாள்.

"அடியேய், உசிரெடுக்காதடி!" என்று கத்தினார் பார்வதி அக்கா.

அரை மணி நேரம் தாண்டியது. இன்னும் ஓடியது. முக்கால் மணி நேரம் தாண்டியது. ஒரு அக்கா கொத்துவதை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு நிற்கவேயில்லை.

மாத்தயா சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டார், குடையோடு. மேல் மூலையில் இன்னும் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அவர் அதைத்தான் முதலில் பார்த்தார்.

"பார்வதி, அது இன்னும் இருக்கு நே?" என்று சிங்களம் கலந்து கேட்டார்.

"அஞ்சு நிமிசம் மாத்தயா. பிளேன்டி ஊத்துறேன், குடிச்சு முடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும்."

"நான் தேத்தண்ணி வேகமா குடிக்கிற ஆள்."

"அப்ப சுடச் சுட ஊத்துறேன்."

அவர் சிரித்துவிட்டார். மஞ்சுளா மழைக்குள் அந்தத் துண்டை உழுது முடித்து, ட்ரெக்டரை அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, தானே, தன் கையால் அணைத்தாள். அன்றைக்கு உழுதுவிட்டு அது தானாக நிற்காமல் ஒருவர் நிறுத்தி நின்றது அப்போதுதான். மாத்தயா முன் தகட்டில் சந்தனம் வழிவதைப் பார்த்தார், சேறு பூசின ஆறு முகங்களையும் பார்த்தார். "ஹரி, ஹரி," சரி சரி என்று சிங்களத்தில் சொல்லி, குடைக்குக் கீழே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

இரவு சீனியர் போன் எடுத்தார். மூச்சுவிடாமல் எல்லாம் சொன்னேன். "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டே வந்தவர் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "பொட்டு இப்ப எங்க கிடக்கு?" நெற்றியில் என்றேன். "அப்ப சரி," என்று வைத்துவிட்டார்.

தம்பிமாரே, தங்கச்சி, இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டதைச் சொல்லி முடிக்கிறேன். நாம் ஒரு பழுதைப் பார்க்கும்போது கை பல காரியம் செய்கிறது, வாய் ஒன்றுக்குத்தான் பெயர் சொல்கிறது. சரியாகிவிட்டதும் பெயர் சொன்னதற்கே மாலை போட்டுவிடுகிறோம். வண்டி ஓடினால் சந்தோஷப்படுங்கள், நானும் ஆடினேன்; ஆனால் கழற்றினதை எறிவதற்கு முன்னால் ஒரு தரம் விரித்துப் பாருங்கள். மேலே இருக்கிறவர் போனில் ஒரு காரணம் சொன்னால் மரியாதையாகக் கேளுங்கள், நிலத்தில் நிற்கிறவர் "நிச்சயமா?" என்று கேட்டால் அவருக்குப் பதில் சொல்ல முடிகிறதா என்றும் பாருங்கள். பகடி பண்ணுகிறார்களே என்று முகத்தைத் திருப்பாதீர்கள். பகடி பண்ணுகிறவர்கள் நம்மையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், நாம் பார்க்காததை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

பாறூக் நானா பிரிக்காத மூன்றாவது பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டார், சொன்ன சொல் தவறாமல். இரண்டாவது பில்டர் என் ஊகத்துக்குப் போனது, அந்தச் செலவை யார்டு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முதலாளியிடம் நின்று வாங்கினேன். முதல் பில்டருக்கும் ஆட்டோவுக்கும்தான் அக்காமார் கொடுத்தார்கள். மழையில் கரைந்துபோன பொட்டுக்காக மறுநாள் மஞ்சுளா புதுச் சந்தனம் ஒரு பாக்கெட் வாங்கினாள், நெற்றிக்கு. எல்லாம் சேர்த்து அந்த ஐந்து பேருக்கும் அந்த நிலத்தைக் காப்பாற்ற ஆன செலவு மூவாயிரத்து அறுபது ரூபாய்.